பேஸ்பால் சிறுவர்களின் முழங்கை: விடுபட்ட கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சில நாட்களுக்கு முன் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஓராண்டுக்கும் மேல் ஆடாமல் இருந்துவிட்டு, இப்போது முன்னைவிட வேகமாகப் பந்தெறிகிறார் என்றும், கல்லூரி அணி ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. செய்தியில் தகவல் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அதை வாசித்து முடிக்கிறவர் மனத்தில் அந்த அறுவைச் சிகிச்சை கையை முன்னிலும் பலமாக்கித் தரும் ஒரு வித்தை என்ற எண்ணமே தங்கும். நியூ ஜெர்சியில் பதினெட்டு ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையிலும், பேஸ்பாலில் பிட்சராக, அதாவது மட்டையடிப்பவனுக்குப் பந்தெறிபவனாக, ஆடும் பதின்மூன்று வயதுப் பையனின் தகப்பன் என்ற முறையிலும் அந்த எண்ணத்தை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில் இன்று பேரப்பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகள் தங்கள் நாளிதழைத்தான் வாசிக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. செய்த மருத்துவரின் பெயரை விட்டுவிட்டு, செய்துகொண்டவரின் பெயரை ஏற்ற சிகிச்சை இது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சரான டாமி ஜான், 1974 ஜூலை 17 அன்று மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எறிந்துகொண்டிருந்தபோது, அவருடைய முழங்கையின் உட்பக்க ஜவ்வு அறுந்தது. அதுவரை அப்படி அறுந்தால் பிட்சரின் தொழில் அன்றோடு முடிந்தது என்றே பொருள். டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் அதைக் கோத்துக் கட்டினார். திரும்பவும் ஆட முடிவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்பது ஜோப்பின் கணிப்பு. டாமி ஜான் 1975 முழுவதும் ஆடவில்லை, 1976-இல் திரும்பினார், அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகளைப் பெற்று, 1989-இல் தம் 46-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். எடுக்கப்பட்ட தசைநாண் எது என்று அறிய விரும்புவோர், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பார்க்கலாம். நடுவில் கயிறுபோல் புடைத்து நிற்பதுதான் அது. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை.

அந்த வெற்றிக் கதை மருத்துவத்துக்குப் பெருமை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக அது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில் வேறொன்றும் நடந்துவிட்டது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், காயமே இல்லாத கைக்கும் திறமையைக் கூட்டுவதற்காக இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்யலாம் என்று கருதியவர்கள் உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரர்களில் 51 விழுக்காடு, பெற்றோர்களில் 37 விழுக்காடு, பயிற்சியாளர்களில் 30 விழுக்காடு. பிள்ளைகள் அப்படி நினைப்பதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். பெற்றோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அப்படி நினைத்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிரெடுத்தது. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுக் கட்டிய பல் வைத்தால் இன்னும் நன்றாகக் கடிக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. முழங்கை விஷயத்தில் நினைக்கிறார்கள்.

சிகிச்சைக்குப் பின் சிலர் வேகமாக எறிவது உண்மையே. அதற்குக் காரணம் புதிய தசைநாண் அல்ல. எறிதலுக்குத் திரும்பப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் பிடிக்கும். அந்தக் காலத்தில் பதினாறு வயதுப் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பான், எடை கூடியிருப்பான், வாழ்க்கையில் முதல் முறையாகத் தோளுக்கும் தொடைக்கும் இடுப்புக்கும் ஒழுங்கான உடற்பயிற்சி செய்திருப்பான், களைத்துக் கிடந்த கை ஓய்ந்திருக்கும். இவற்றையெல்லாம் கத்தி வைக்காமலே அவனுக்குக் கொடுத்திருக்கலாம். தொழில்முறை பிட்சர்களிலேயே, அத்தனை மருத்துவ வசதி இருந்தும், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் தரத்துக்குத் திரும்புகிறவர்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர். ஐந்தாமவரைப் பற்றிப் பெட்டிச் செய்தி வருவதில்லை. முதல் முறை கட்டிய ஜவ்வு மறுபடி அறுந்தால் இரண்டாம் சிகிச்சையின் பலன் மேலும் குறைவு.

இது பெரியவர்களின் தொழில்சார்ந்த காயம் என்ற நினைப்பும் பழசாகிவிட்டது. அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை வைத்துச் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 2007 முதல் 2011 வரை இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 56 விழுக்காட்டுக்கும் அதிகமானோர், 15 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள். 

முழங்கைக்கு அப்படி என்ன நேர்கிறது என்பதைக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். நம் தெருக் கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிகிறவனை 'மாங்கா அடிக்கிறான்' என்று கத்திப் பந்தைப் பிடுங்கிவிடுவோம். பேஸ்பாலில் அந்த மாங்காதான் ஆட்டமே. பிட்சரின் கை பின்னால் மடங்கிச் சாய்ந்து, அடுத்த கணம் முன்னால் சுழலும்போது தோள்மூட்டின் சுழற்சி வேகம் வினாடிக்கு 7000 பாகைக்கும் மேல் போகிறது. அந்த வேகத்தில் ஒரு முழு வினாடி சுழல முடிந்தால் கை 19 வட்டம் அடித்துவிடும். மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளிலேயே மிக வேகமானது அதுதான் என்பார்கள். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. அதைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தச் சிறு ஜவ்வும் அதைச் சுற்றியுள்ள முன்கைத் தசைகளும். வளர்ந்த பிட்சரின் முழங்கை ஒவ்வொரு எறிதலிலும் தாங்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் என்று ஆய்வகத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது ஜவ்வு மட்டும் தனியாக அதில் பாதி விசையிலேயே அறுந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பந்திலும் மீதிப் பாதியைச் சுமப்பது தசைகள்தாம். தசை களைத்தால் சுமை ஜவ்வின் மேல் இறங்குகிறது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் எலும்பின் ஓரங்களில் இன்னும் எலும்பாகாத வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. குருத்தெலும்பாலான அந்தத் தட்டு, ஜவ்வைவிடவும் பலவீனமானது. ஆகவே இழுவை மிகும்போது ஜவ்வு அறுவதற்குப் பதில் அது ஒட்டியிருக்கும் எலும்பு முனையே விலகத் தொடங்குகிறது. இதைத்தான் இங்கே, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரால், லிட்டில் லீக் முழங்கை என்கிறார்கள். 1960-லிருந்தே மருத்துவ நூல்களில் உள்ள பெயர், புதுநோய் ஒன்றுமில்லை. தோளில் வருவதற்கும் அதே போல ஒரு பெயர் உண்டு. உரிய நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். நிறுத்தாவிட்டால் முனை பிய்ந்து திருகாணி வைத்துப் பொருத்த வேண்டிய நிலையும் வரலாம்.

எங்கள் வீட்டுக்கு அது வந்த விதத்தைச் சொல்கிறேன். சென்ற கோடையில் என் தாயார் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பையன் இட்லியை இடது கையால் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இடது கையால சாப்பிடாதடா, எத்தனை தடவை சொல்றது" என்று அவர் அதட்டினார். அவன் கையை மாற்றினான். வாய்வரை கொண்டுபோக முழங்கையை மடக்கும்போது முகம் சுளித்தது. தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தான். பல்துலக்குவதும், கதவுக் குமிழைத் திருகுவதும், தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதும் இரண்டு வாரமாக இடது கையால்தான் நடந்திருக்கின்றன. நானும் என் மனைவியும் கவனிக்கவில்லை. வாரம் மூன்று நாள் வேலியோரம் நாற்காலி போட்டு அவன் எறிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவன் சாப்பிடுவது தெரியவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள் என்றான்.

எக்ஸ்ரேயில் இரண்டு முழங்கைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார் எலும்பு மருத்துவர். இடது கையில் உட்பக்க எலும்பு முனைக்கும் மேலெலும்புக்கும் நடுவே பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கோடு. வலது கையில் அதே கோடு இரண்டு மூன்று மடங்கு அகலம். மூன்று மாதம் எதையும் எறியக்கூடாது. பந்து மட்டுமல்ல, குளத்தில் கல்கூட வீசக்கூடாது என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வாரத்துக்கு எத்தனை பந்து எறிகிறான் என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடையைத் தேடிப் போனபோதுதான் அந்தக் கோளாறு புரிந்தது. பையன் இரண்டு அணிகளில் ஆடினான். வாரநாளில் ஊர்ச் சங்கத்து அணி. வார இறுதியில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் கட்டண அணி. ஊர் அணியின் பயிற்சியாளர் ஒழுங்கானவர். கையில் எண்ணும் கருவியோடுதான் நிற்பார். ஒரு வியாழக்கிழமை ஆட்டத்தில் அவருடைய தாளில் 58 பந்துகள் பதிவாகியிருக்கின்றன. சனிக்கிழமை கட்டண அணியின் தாளில் 64. பதின்மூன்று வயதுக்கான நாள் வரம்பு 95. இரண்டு தாள்களுமே வரம்புக்குள். ஆனால் 51 முதல் 65 பந்துகள் வரை எறிந்தவன் அதற்குப்பின் மூன்று நாள் எறியக்கூடாது என்பதும் அதே விதியின் அடுத்த வரி. வியாழனுக்கும் சனிக்கும் இடையே இருந்தது ஒரே நாள். சனியன்று எறிந்துவிட்டு ஞாயிறன்று அவனே கேட்சராக, மட்டையடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, உட்கார்ந்திருக்கிறான். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன்தான். புதன்கிழமை மாலை தனிப் பயிற்சியாளரிடம் அரைமணி நேரம் எறிந்தது எந்தத் தாளிலும் இல்லை. ஆட்டத்துக்கு முன் கை சூடேற எறிந்தவையும் இல்லை. இரண்டு அணிக்காரர்களும் அவரவர் கணக்கைச் சரியாகவே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்ட வேண்டியவன் நான், நான் கூட்டவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. லிட்டில் லீக் அமைப்பு 2007-லேயே பந்து எண்ணிக்கை வரம்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இன்னிங்ஸ் கணக்குதான் இருந்தது. பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது எதிரணியில் மூவர் ஆட்டமிழக்கும் வரையிலான சுற்று. ஒரு இன்னிங்ஸில் 8 பந்தும் எறியலாம், 40 பந்தும் எறியலாம் என்பதால் அது உருப்படியான அளவு அல்ல. 2014-இல் மேஜர் லீக்கும் தேசிய பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டியை வெளியிட்டன. 7, 8 வயதுக்கு நாளொன்றுக்கு 50, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85, அதற்கு மேல் 95 என்று போய், 17, 18 வயதுக்கு 105 பந்துகள் என ஏறுகிறது பட்டியல். ஆண்டுக்கு நான்கு மாதமாவது பிட்ச் செய்யக்கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து தோளுக்கு மேல் கை தூக்கி எதையுமே எறியக்கூடாது என்றும் அது சொல்கிறது. 2017 முதல் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களுக்கும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் விதி அணியைப் பார்க்கிறது, பையனைப் பார்ப்பதில்லை. கட்டண அணிகள் நடத்தும் பல போட்டிகளில் இது கட்டாயமும் இல்லை.

இந்த விதிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், இந்தச் சிகிச்சையில் பேர்பெற்ற டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தொடங்கிய விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில்தான் பெரும்பகுதி ஆய்வுகள் நடந்தன. பள்ளிச் சிறுவர்கள் தம்முடைய அறுவை மேசைக்கு வருவது கூடிக்கொண்டே போவதைக் கண்டு, வரவிடாமல் தடுக்கப் பிரசாரம் செய்தவர் அவர். தம் தொழிலுக்கு ஆள் வரவேண்டாம் என்று சொல்லும் மருத்துவரின் பேச்சுக்கு எடை அதிகம். அங்கிருந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் அறுவைச் சிகிச்சைக்கு ஆளான 95 இளம் பிட்சர்களையும், காயமே படாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. ஆட்டத்துக்கு 80 பந்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு 4 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு 36 மடங்கு. நான் மேலே சொன்ன களைத்த தசையின் கணக்கு இதுதான். 9 முதல் 14 வயது வரையான 481 சிறுவர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச் செய்தவர்கள் பெருங்காயம் அடையும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு.

வளைபந்துதான் பிள்ளைகளின் கையைக் கெடுக்கிறது என்று வேலியோரத்தில் நிற்கும் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். சிறுவர்களை ஆய்வகத்தில் எறியவைத்து அளந்தபோது வளைபந்தில் முழங்கைக்கு வரும் விசை, வேகப்பந்தில் வருவதைவிட அதிகமாகத் தெரியவில்லை. ஆகவே பழியை வளைபந்தின்மேல் போட்டுவிட்டு வேகப்பந்தை மட்டும் ஆண்டு முழுக்க முழு பலத்தோடு எறியவைப்பது ஏமாற்று.

வேகம்தான் இன்று எல்லாம். கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள்முன் நிறுத்தும் தேர்வரங்குகளில் ஒரு பையனுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து பந்துகள். ராடார் கருவியில் எண் ஏற வேண்டும். மட்டையடிப்பவனை ஏமாற்றுவது, இடம் பார்த்து எறிவது எல்லாம் அங்கே செல்லாது. அதனால் ஒவ்வொரு பந்தும் உயிரைக் கொடுத்து எறியப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்க வேண்டிய இலையுதிர், குளிர் மாதங்களில். மேஜர் லீக்கே 2024 டிசம்பரில் பிட்சர் காயங்கள் குறித்து வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், ஆட்டக்காரர்களிடம் கேட்டுத் தயாரித்த அந்த அறிக்கை, எந்நேரமும் உச்ச வேகத்தைத் துரத்துவதையே முதன்மைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. 2008-இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த வேகப்பந்தின் சராசரி, 2024-இல் 94.2 மைல். மூன்று மைல்தானே என்று தோன்றும். மேலே இருப்பவர்கள் ஏறிய அந்த மூன்று மைலைக் கீழே இருக்கும் பையன்கள் பதினைந்து வயதில் எட்டிப்பிடிக்கப் பார்க்கிறார்கள்.

பெற்றோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நானும் அதில் அடக்கம். கட்டண அணிக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறோம். கட்டிய பிறகு பையன் உட்கார்ந்திருப்பதைக் காண மனம் ஒப்புவதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரமே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தனிவகுப்பில் ஆரம்பித்துவிடும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். மற்றவன் பிள்ளை குளிர்காலத்திலும் எறிகிறான் என்று கேள்விப்பட்டால் நம் பிள்ளையைச் சும்மா இருக்கவிட நமக்குத் தெரியாது. பாடத்தில் அது செய்யும் கெடுதல் வேறு கதை. வளர்ச்சித் தட்டு மூடாத எலும்புக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

இது அமெரிக்காவின் பணப்பைத்தியம் மட்டுமே என்று சிலர் எண்ணக்கூடும். ஜப்பானைப் பாருங்கள். அங்கே கோஷியன் மைதானத்தில் நடக்கும் பள்ளி அணிகளின் போட்டி, ஒரு தேசியத் திருவிழா. 1998 கோடையில் காலிறுதியில் பதினேழு இன்னிங்ஸ் நின்று 250 பந்துகள் எறிந்த டைசுகே மட்சுசாகா அந்த நாட்டின் வீரகதை ஆனார். 2011-இல் அவருக்கும் டாமி ஜான் சிகிச்சை நடந்தது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு இழுக்க நான் துணியமாட்டேன், நடுவே பதின்மூன்று ஆண்டுத் தொழில் வாழ்க்கை இருக்கிறது. 2013 வசந்தகாலப் போட்டியில் டொமொஹிரோ அன்ராகு என்ற பதினாறு வயதுப் பையன் ஒரே போட்டித்தொடரில் 772 பந்துகள் எறிந்தபோதுதான் அமெரிக்கப் பத்திரிகைகள் வாயடைத்துப்போய் எழுதின. அங்கே கட்டணமும் இல்லை, தேர்வரங்கும் இல்லை. அணிக்காகக் கையைக் கொடுப்பது தியாகம் என்ற கைதட்டல்தான் இருந்தது.

அந்தக் கைதட்டலை எதிர்த்து நின்ற ஒருவரைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க மனமில்லை. 2019 ஜூலை, இவாதே மாகாண இறுதிப்போட்டி. வென்றால் கோஷியன். ஓஃபுனாதோ பள்ளியின் பிட்சர் ரோகி சசாகி, மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த பையன். அதே வாரத்தில் ஒரு நாள் 12 இன்னிங்ஸ் நின்று 194 பந்துகள், இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள் 129 பந்துகள் எறிந்திருந்தான். பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ இறுதியில் அவனை இறக்கவே இல்லை. பள்ளி 12-க்கு 2 என்று தோற்றது. பள்ளிக்குத் தொலைபேசியில் வசை குவிந்தது. முன்னாள் ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியில் அமர்ந்து கண்டித்தார்கள். பதினேழு வயதுப் பையனின் கையைக் காப்பாற்றியதற்காக ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே சசாகி 2022 ஏப்ரலில், இருபது வயதில், எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். இப்போது டாட்ஜர்ஸில் இருக்கிறார். 2025-இல் தோள்வலியால் பல மாதம் ஆட முடியாமலும் போனார். அன்று உட்காரவைத்ததால் அவர் கை இரும்பாகிவிடவில்லை. ஆனால் அன்றே அறுந்துபோகவும் இல்லை. ஜப்பானியப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு அதற்குப்பின் வாரத்துக்கு 500 பந்துகள் என்று ஒரு வரம்பு வைத்தது. என்னைக் கேட்டால் 500 என்பதே அநியாயம். ஆயினும் எண்ணத் தொடங்கினார்கள்.

சிகிச்சை முறையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2013-இல் பர்மிங்ஹாமிலேயே டாக்டர் ஜெஃப்ரி டுகாஸ், ஜவ்வு முழுதும் சிதையாமல் எலும்போரத்தில் மட்டும் பிய்ந்திருக்கும் கைகளுக்கு, வேறிடத்துத் தசைநாணை எடுக்காமல் இருக்கும் ஜவ்வையே தைத்து, மேலே ஒரு நாடாவைப் பதித்து வலுவூட்டும் முறையைத் தொடங்கினார். பொருத்தமானவர்கள் ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் திரும்பும் காலம் குறையக் குறைய, "அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு வேலியோரத்தில் கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன மாதமே ஒரு தகப்பனார் என்னிடம் அப்படிச் சொன்னார். அவருடைய பையனுக்குப் பன்னிரண்டு வயது.

எறியும் விளையாட்டு எதுவானாலும் முழங்கை இதே முழங்கைதான். நம் நாட்டு நீரஜ் சோப்ரா 2019-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பிறகு டோக்கியோவில் தங்கம் வென்றபோது, தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் அந்தச் சிகிச்சையைத் தங்கத்தின் முன்னோட்டம்போல் எழுதின. அவர் அந்த 2019-இன் உலகத் தடகளப் போட்டியை இழந்தார் என்பது ஒரு வரியில் போய்விட்டது.

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை இப்படி ஒரு பையனைப் பற்றிச் செய்தி வந்தால், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு வேகம் எறிகிறான் என்பதோடு, சிகிச்சைக்கு முந்தைய ஆண்டில் எத்தனை மாதம் எறிந்தான், எத்தனை அணிகளுக்கு எறிந்தான் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். செய்தியின் நீளம் இரண்டு வரி கூடும்.

என் மகனின் கையில் அந்தக் கோடு குறுகிவிட்டது. இப்போது மருத்துவர் தந்த அட்டவணைப்படி முப்பதடி தூரத்தில் நின்று மெல்ல எறிகிறான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 25. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நோட்டுத்தாள் ஒட்டியிருக்கிறோம். எந்த அணி, எந்தப் பயிற்சி என்ற பேதமில்லாமல் எறிந்த எல்லாம் அதில் ஏறுகின்றன. ஏப்ரலில் பருவம் தொடங்குகிறது. இந்தத் தாளையே தங்கள் தாளாகவும் வைத்துக்கொள்ளும்படி இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் எழுதிக் கேட்டேன். ஊர் அணிக்காரர் அன்றே சம்மதித்துப் பதில் போட்டார். கட்டண அணியிலிருந்து வந்த பதிலில் அடுத்த தவணைக் கட்டணத்தின் கடைசித் தேதி மட்டும் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
நியூ ஜெர்சி.